முப்பத்தொன்பது முட்டைகளும் பச்சையம்மாவின் கையும்

அந்த முப்பத்தொன்பது முட்டைகளையும் கெடுத்தவள் நான். பழியைப் பச்சையம்மாவின் கையில் ஏற்றியவளும் நானே.

தெரியாமல் செய்த பிழை என்று தொடங்கினால் நீங்கள் என்னை எளிதில் விட்டுவிடுவீர்கள். ஆகவே வரிசை மாற்றாமல் சொல்கிறேன். முட்டைகளைத் தெரியாமல் கெடுத்தேன். பழியைத் தெரிந்தே போட்டேன். இரண்டுக்கும் இடையில் இரண்டு முழு நாட்கள் இருந்தன... உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இரண்டு நாட்கள்!

நான் நாட்குறிப்பு எழுதுபவள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது, வாசிப்பு நிற்கவில்லை. ரிஷிவந்தியம் நூலகத்தில் வரலாறு, பயணநூல், பயிர்நூல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்து வருவேன். மணலூர்பேட்டைக்குப் பக்கத்திலிருக்கும் இந்தச் சிற்றூருக்கு மணமாகி வந்த நாள்முதல் கோடு போட்ட நோட்டுகளில் எழுதிவருகிறேன். பெண்ணையாற்றில் தண்ணீர் வந்த நாள், எந்தக் கோழி எந்தக் கிழமையில் அடை படுத்தது, எத்தனை குஞ்சு பொரித்தது, எந்தச் செடி யார் வீட்டுத் தோட்டத்திலிருந்து வந்தது... எல்லாம் அவற்றில் உண்டு.

தெருவில் எனக்கு நோட்டுக்காரி என்று பெயர். கேலிப் பெயர்தான். ஆனால் ஒரு நாளைப் பற்றிச் சச்சரவு வந்தால் என்னிடம்தான் வருவார்கள். நான் நோட்டைப் பிரித்து வாசித்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. என் குற்றம் நடந்தது இந்த நம்பிக்கையின் மேல்தான்.

பச்சையம்மா காலனியில் இருந்தாள். கூலி வேலை. கணவனை இழந்தவள். ஒரே மகளைக் கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். இந்தத் தாளில் அவளை முதலில் 'அவர்' என்றுதான் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். நேரில் ஒருநாளும் கொடுக்காத மரியாதையை இப்போது மைவழியே கொடுப்பது இன்னொரு பொய்யாகப் பட்டது. அன்று நான் அவளை நீ, வா, போ என்றேன். அவள் என்னை நீங்க என்றாள். அப்படியே இருக்கட்டும், நீங்களும் அப்படியே தெரிந்துகொள்ளுங்கள்.

அவளுக்குக் கைராசி உண்டு என்று எங்கள் தெரு முழுவதும் நம்பியது. கோழி அடை படுத்தால் முட்டைகளைக் கண்டவர்கள் வைக்கக்கூடாது. ராசியான கை வைக்கவேண்டும். முருங்கைப் போத்து நடவேண்டுமா, அதன் தலையில் சாணி உருண்டை அப்பி மண்ணில் இறக்குவதற்கும் அந்தக் கை வேண்டும். நடவு அன்று முதல் பிடி நாற்றுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு வீட்டுச் செம்பருத்தியில் குச்சி ஒடித்து இன்னொரு வீட்டில் நடுவாள். அந்த வீட்டு நந்தியாவட்டையை மூன்றாம் வீட்டுக்குக் கொண்டுபோவாள். என் தோட்டமும் தெருவின் மற்ற ஏழு வீட்டுத் தோட்டங்களும் ஒன்றுக்கொன்று உறவானது அவள் மடியில் சுமந்துபோன குச்சிகளால்தான்.

ஆனால் அவள் வருவதும் போவதும் தோட்டத்துப் படல்வழியே. வாசல்வழியாக ஒருநாளும் இல்லை. அந்தக் கை எங்கள் முட்டையைத் தொடலாம், மண்ணைத் தொடலாம்... சொம்பைத் தொடக்கூடாது. இதை அன்று நான் நோட்டில் எழுதியதில்லை. எழுதத் தகுந்த செய்தியாகவே எனக்குத் தோன்றவில்லை!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு, செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் ஏழு நாள் சாலை மறித்தார்கள். வியாழக்கிழமை தொடங்கியது. புளியமரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்தார்கள். கள்ளக்குறிச்சிக்குப் பேருந்து இல்லை, திருக்கோவிலூருக்கும் இல்லை. மூன்றாம் நாள் போலீஸ் தடியடி. என் கணவரையும் பிடித்துக் கடலூருக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது என்று அன்று நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அதில் எனக்குக் குழப்பமில்லை.

காலனிக்காரர்கள் மறியலுக்கு வரவில்லை. வேறு ஊர்களில் குடிசைகள் எரிந்ததாகச் செய்தி வந்தது. எங்கள் ஊரில் எதுவும் எரியவில்லை. ஆனால் காலனிப் பெண்கள் எங்கள் தெருப்பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த வாரம் முட்டைக்காரரின் சைக்கிளும் வரவில்லை; சந்தையும் கூடவில்லை. போதாததற்குப் புரட்டாசி. பாதி வீடுகளில் முட்டை தின்னமாட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் உமிப்பானையில் முட்டை சேர்ந்துகொண்டே போனது. கெட்டுப்போவதற்குள் அடை வைத்துவிடலாம் என்று யோசனை சொன்னவள் நான்தான். என்னிடம் இரண்டு கோழி அடை படுத்திருந்தன. தெருவில் வேறு இரண்டு. நான்கையும் என் மாட்டுக்கொட்டகையில் கூடைகளில் வைப்பது, பொரிப்பதில் பாதி முட்டை கொடுத்தவருக்கு, பாதி கோழிக்காரிக்கு... இதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்.

ஏழு வீட்டு முட்டைகள் கலந்தால் யாருடையது எது என்று தெரியவேண்டும். எந்த முட்டை கூமுட்டையாகிறதோ அந்த வீட்டுக்கு ஒரு குஞ்சு குறையும். வழக்கமாகக் கரித்துண்டால் கோடு போடுவோம். அந்த ஆடியில்தான் கோழி உருட்டி உருட்டிக் கரி அழிந்துபோய், கெட்ட முட்டை இரண்டும் யாருடையவை என்று தெரியாமல் என் ஓரகத்தி சகுந்தலா அக்கா தெருவையே கூட்டிவிட்டாள்.

"நோட்டெழுதுற கையிக்கு ஒரு கோடு ஒழுங்கா போட தெரியல! இவ்ளோதான் ஒன் கலெக்டரு ஆபீசா?" என்றாள்.

அந்தச் சொல் எனக்கு உறைத்தது. நேர்த்தி என்பது எனக்கு ஒரு நோய் என்று இப்போது தெரிகிறது. அன்று அதைப் பெருமை என்று நினைத்தேன்.

பொங்கலுக்கு மாட்டுக்கொம்புக்கு அடித்த பெயிண்ட் பரணில் இருந்தது. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். நான்கு வீட்டுக்கு நான்கு நிறம். மூன்று வீட்டுக்கு இரண்டிரண்டு நிறம் பாதிப் பாதியாக. கோழி உருட்டினாலும் அழியக்கூடாதே என்று முழு முட்டையும் மூடும்படி இரண்டு பூச்சு அடித்தேன். காய்ந்ததும் முறத்தில் அடுக்கினேன். எவ்வளவு அழகாக இருந்தன தெரியுமா! ஏழு வீடுகளும் ஒரே முறத்தில், ஒன்றோடொன்று குழம்பாமல்... அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை, மறியலின் ஐந்தாம் நாள், பச்சையம்மாவுக்கு ஆள் அனுப்பினேன். காலனியிலிருந்து யாரும் வராத அந்த நாளில், கரும்புத் தோட்டத்து வரப்பு சுற்றி வந்தாள். நான் கூப்பிட்டதால் வந்தாள். மடியில் அவளுடைய முட்டை ஐந்து.

முறத்தைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாம்மா இது? கொம்புக்கு அடிக்கிறதாச்சே! நாத்தம் கொடலப் பொறட்டுது. இது மேல கோழி எப்பிடி குந்தும்?"

"அதெல்லாம் குந்தும். நீ வை."

"கோழி குந்தும்மா... உள்ள இருக்கிறது மூச்சு வுட வாணாவா?"

"முட்டைக்குள்ள ஏது மூச்சு? நீ வைடி" என்று சிரித்தேன்.

அவளும் சிரித்தாள். ஆனால் அவளுடைய ஐந்து முட்டைகளை என்னிடம் நீட்டவில்லை. "என்துக்கு இந்த ஜிகினா வேல வாணாம்மா. அஞ்சே அஞ்சு. நான் கரியில கோடு இழுத்துக்கிறேன். அழிஞ்சா அழியட்டும்."

கூடையில் சாம்பலும் மணலும் பரப்பி, இடி இடித்தால் கரு கெடும் என்று பயந்து ஓர் இரும்பு ஆணியும் காய்ந்த மிளகாயும் போட்டு, கூடைக்குப் பதினொன்றாக நாற்பத்து நான்கு முட்டைகளை அவள் வைத்தாள். வைக்கும்போது பேசமாட்டாள். கோழிகளும் அவளைக் கொத்தவில்லை.

அன்று நோட்டில் நான் எழுதியதை மாற்றமில்லாமல் தருகிறேன். "திங்கள். நான்கு கோழி, நாற்பத்து நான்கு முட்டை. அடை வைத்தவள் பச்சையம்மா. முப்பத்தொன்பதுக்குக் கொம்புப் பெயிண்ட், இரண்டு பூச்சு. நாற்றம் என்றாள். அவளுடைய ஐந்துக்குக் கரிக்கோடு மட்டும்."

பத்தொன்பதாம் நாள், சனிக்கிழமை. பெயிண்ட் மறைத்ததால் வெயிலில் பிடித்து உள்ளே பார்க்க வழியில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொன்றாக மிதக்கவிட்டேன். உயிருள்ள முட்டை தண்ணீரில் லேசாகத் துள்ளும்.

கரிக்கோடு போட்ட ஐந்தும் துள்ளின.

வண்ண முட்டை ஒன்றுகூட அசையவில்லை. நீலம் ஒன்றை எடுத்துக் கொல்லைப்புறம் போய் உடைத்தேன். உள்ளே சில நாளே வளர்ந்து நின்றுபோன கரு, கறுத்துக் கிடந்தது. சிவப்பு ஒன்று... அதுவும் அப்படியே. எப்போதோ நூலகத்தில் படித்த கோழி வளர்ப்பு நூலொன்று நினைவுக்கு வந்தது. முட்டை ஓடு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அவற்றின் வழியேதான் குஞ்சு மூச்சுவிடுகிறது. படித்திருந்தேன்! படித்த எனக்கு அது முறத்தின் முன் உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வரவில்லை. படிக்காத பச்சையம்மா அதைத்தான் கேட்டிருக்கிறாள்.

நோட்டில் எழுதினேன்: "வண்ணம் பூசியவை செத்துவிட்டன. பெயிண்ட்தான் காரணம்."

எழுதினேனே தவிர எவரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சகுந்தலா அக்கா வந்து கோழிகளுக்குக் கம்பு இறைத்துவிட்டு, "நாளிக்கி பொரிச்சிடும் இல்ல?" என்று கேட்டாள். "பொரிச்சிடும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கணவர் கடலூரில் அடைபட்டிருந்தார். மூத்தார் வீட்டை அண்டித்தான் நான் இருந்தேன். சகுந்தலா அக்காவைப் பகைத்துக்கொள்ள முடியாது. இது உண்மை. ஆனால் இதைக் காரணமாக ஏற்காதீர்கள். ஒரு சொல்லுக்குத்தான் பயந்தேன். 'நோட்டுக்காரி கெடுத்துட்டா' என்ற அந்த ஒரு சொல்லுக்கு...

திங்கட்கிழமை காலை ஏழு வீட்டுப் பெண்களும் கொட்டகையில் கூடிவிட்டார்கள். பச்சையம்மாவும் தன் குஞ்சுகளை வாங்கிப்போகப் படல்வழியே வந்திருந்தாள். ஐந்து குஞ்சுகள் கோழியின் இறக்கைக்குள்ளிருந்து தலை நீட்டிக் கத்தின. மற்ற முட்டைகள் பளபளவென்று கிடந்தன; நான் உடைத்த இரண்டு குறைவதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. சகுந்தலா அக்கா தன் வீட்டுச் சிவப்பு ஒன்றை எடுத்துத் தரையில் தட்டினாள். கொட்டகை நாறியது. இன்னொன்று. இன்னொன்று.

"இடி வுழுந்துதா?" என்றாள் ஒருத்தி.

"இடின்னா எல்லாத்துக்கும்தான வுழணும்? அவளுது மட்டும் அஞ்சுக்கு அஞ்சு பொரிச்சிருக்குது பாரு!" சகுந்தலா அக்கா திரும்பினாள். "ஏண்டி பச்சையம்மா, நம்மூட்டு முட்ட முப்பத்தொம்போதும் கூழு, உன்து மட்டும் குஞ்சு. இதுக்கு இன்னாடி அர்த்தம்?"

"நான் இன்னாம்மா கண்டேன்? எல்லாம் ஒரே கையாலதான வெச்சேன்."

"அதான் கேக்கறேன். அங்க ரோட்டுல நம்ம ஆம்பளைங்க மண்ட ஒடஞ்சி ஜெயில்ல கெடக்குறானுங்க. இங்க நீ பூந்து வேல காட்டிட்டுப் போயிருக்கிற!"

இப்போது பாருங்கள். அந்த ஐந்து குஞ்சுகள்தான் அவளுடைய குற்றமின்மைக்குச் சாட்சி. கரிக்கோடு போட்டது பிழைத்தது; பெயிண்ட் பூசியது செத்தது. கொட்டகையில் அதை அறிந்தவள் நான் ஒருத்தி. அதே ஐந்து குஞ்சுகளைக் காட்டித்தான் அவளைக் குற்றவாளியாக்கினார்கள்.

பச்சையம்மா அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"யம்மா, நீங்க சொல்லுங்க. அன்னிக்கே நாத்தம்னு சொன்னேன் இல்ல? நோட்டுல எழுதி வெச்சிருப்பீங்களே... எட்த்தாந்து படிங்க. எல்லாரும் கேக்கட்டும்."

எவ்வளவு நம்பிக்கை! அந்தத் தெருவில் எழுத்தை அவளளவு நம்பியவர் யாருமில்லை.

நோட்டை எடுத்துவந்தேன். பிரித்தேன். வாசித்தேன்.

"திங்கள். நான்கு கோழி, நாற்பத்து நான்கு முட்டை. அடை வைத்தவள் பச்சையம்மா."

மூடிவிட்டேன்.

"அவ்ளோதான் இருக்குதா?" என்றாள் பச்சையம்மா.

"அவ்ளோதான்."

"பெயிண்ட்டு...?"

"பெயிண்ட் ஓட்டுமேலதான இருக்குது. உள்ள எப்பிடிப் போவும்? நான் புத்தகத்துலயே படிச்சிருக்கேன். போவாது."

இதுதான் என் வாக்குமூலத்தின் மையம். வாய் தவறி வந்ததில்லை. புத்தகத்தில் இருந்ததை நேர் எதிராகத் திருப்பி, புத்தகத்தின் பேராலேயே சொன்னேன். நோட்டு பொய் சொல்லவில்லை. இன்றுவரை அந்தப் பக்கத்தில் உண்மை அப்படியே இருக்கிறது. வாசித்தவள் பொய் சொன்னாள்.

பச்சையம்மா கோழியின் பக்கத்தில் குனிந்தாள். பிறகு ஒரு குஞ்சை எடுத்தாள், பார்த்தாள், திரும்பக் கோழியிடமே விட்டாள்.

"எனுக்கு வாணாம். நாளிக்கி இதுங்க பெருசானா அதுக்கும் ஒரு கத கட்டுவீங்க."

படலைச் சாத்திவிட்டுப் போனாள். எங்கள் தோட்டத்துக்குள் அவள் வந்தது அதுதான் கடைசி.

அன்று மதியமே சகுந்தலா அக்கா தன் வீட்டு முருங்கைப் போத்தைப் பிடுங்கி எறிந்தாள். பச்சையம்மா ஆனியில் நட்டது, துளிர்விட்டிருந்தது. அடுத்த வீட்டில் செம்பருத்தி. அதற்கடுத்து நந்தியாவட்டை. ஏழு தோட்டங்களிலும் அவள் நட்டவை எவை என்று தேடினார்கள். எல்லாருக்கும் நினைவில்லை... என்னிடம் கேட்டார்கள். நோட்டைப் பார்த்து நான் சொன்னேன்! ஆமாம். எந்தக் குச்சி, எந்த வீட்டில், எந்த மாதம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் தோட்டத்திலும் இரண்டைப் பிடுங்கினேன். வேரோடு வந்தன, வேர்கள் வெள்ளையாக, நன்றாக ஓடியிருந்தன.

ஐப்பசி நடவுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. முதல் பிடிக்கு மட்டுமில்லை, கூலிக்கும் கூப்பிடவில்லை. எங்கள் தெருவின் நிலத்தை விட்டால் சுற்றுவட்டத்தில் அவளுக்கு வேறு வேலையில்லை. கார்த்திகையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளிடம் மலைக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அதையும் நாள் போட்டு எழுதினேன்.

அந்த ஐந்து குஞ்சுகள்? நான்தான் வளர்த்தேன். ஒன்றைப் பருந்து கொண்டுபோனது. மற்ற நான்கில் மூன்று பெட்டை. அவை இட்ட முட்டைகளை என் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுத்தேன், நானும் தின்றேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. கணவர் காலமானார். எண்ணற்ற நூல்களைப் படித்தேன். ஊரின் வரலாறு என்று நானூறு பக்கம் எழுதியிருக்கிறேன். கோயில் குடமுழுக்கு, வெள்ளம், வறட்சி, மறியல்... எல்லாம் உண்டு. அந்தத் திங்கட்கிழமை மட்டும் இல்லை. நானூறு பக்கத்தையும் சேர்த்துத் தைக்கும்போதுதான் அந்த இடைவெளி என்னைப் பார்த்தது. ஒரு நாளை விட்டுவிட்டு எழுதப்பட்டது எப்படி வரலாறாகும்? அன்று முடிவு செய்தேன். தள்ளிப்போட இனி வயதும் இல்லை.

போன தை மாதம், கச்சிராயபாளையம் தாண்டி மலையேறும் பேருந்தில் கரியாலூர் போனேன். விசாரித்தேன். ஒரு செடிப் பண்ணையைக் காட்டினார்கள். நிழல்வலைக்குக் கீழே கிழவி ஒருத்தி குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, மிளகுக்கொடித் துண்டுகளை மண் நிரப்பிய பைகளில் ஊன்றிக்கொண்டிருந்தாள். கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரு வெட்டு, விரலால் மண்ணில் ஒரு துளை, ஓர் அழுத்து. விரல்கள் கோணிப்போயிருந்தன; வேகம் குறையவில்லை.

யாரென்று சொன்னேன்.

"நோட்டுக்காரம்மாவா? கெய்வி ஆயிட்டீங்க!" என்று சிரித்தாள். பல் இல்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வாசிக்காமல் விட்ட வரிகளை நோட்டிலிருந்து வாசித்தேன். அவள் பைகளை நிரப்புவதை நிறுத்தவில்லை.

"தெரியும்மா" என்றாள். "பொரிச்ச அன்னிக்கே தெரியும். அந்த நாத்தத்துல எது பொழைக்கும்?"

"தெரிஞ்சுமா பேசாம போன?"

"நான் எங்க பேசாம போனேன்? சொன்னேன். நான் சொன்னா எவ கேப்பா? நீங்க சொன்னா கேப்பாங்க. அதான் படிக்கச் சொன்னேன்."

மன்னித்துவிடு என்றேன். அந்தச் சொல் எவ்வளவு சிறிதாக இருந்தது! என் காதிலேயே அது சரியாக விழவில்லை.

அவள் ஒரு கொடித் துண்டை ஊன்றி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அத்த வுடுங்க. எனுக்குத் தெரிஞ்சத எனுக்கே சொல்றதுக்கா இம்மாந்தூரம் பஸ்ஸு ஏறி வந்தீங்க? தெரியாதவங்களாண்ட போயி சொல்லுங்கம்மா." பிறகு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பைய மிதிச்சிக்கினு நிக்கிறீங்க."

தள்ளி நின்றேன். அவள் வேலையைத் தொடர்ந்தாள். அவ்வளவுதான். என்னை மன்னித்தாளா? தெரியாது. மன்னித்தாள் என்று எழுத என் கை துடித்தது, அதற்கு ஆதாரமில்லை. எழுதமாட்டேன்.

ஏழு வீடுகள். ஒவ்வொன்றாகப் போய்ச் சொல்வது என்று புறப்பட்டேன்.

முதலில் சகுந்தலா அக்கா. கட்டிலில் கிடக்கிறாள், காது நன்றாகக் கேட்கிறது. முழுவதும் கேட்டாள்.

"அவ வேணும்னுதான் பண்ணா" என்றாள்.

"இல்லக்கா. நான்தான். பாரு, நோட்டுல அன்னிக்கே எழுதியிருக்கேன்."

"எனுக்கு இன்னா படிக்கவா தெரியும்? நேத்து குந்தி எழுதிக்கினு வந்தியோ இன்னாவோ. அன்னிக்கி அத்தினி பேரு முன்னால படிச்சியே, அது பொய்யா?"

"பொய்தாங்க்கா."

"போடி. ஒனுக்கு வயசாயிடுச்சி, பெனாத்தற."

நான் சொன்ன பொய்யை என்னிடமிருந்தே காப்பாற்றுகிறாள்! மறுவாரம் திரும்பப் போனேன். அதே பதில். இனியும் போவேன்.

இரண்டாம் வீடு பெங்களூருக்குப் போய்விட்டது; தொலைபேசியில் சொன்னேன். "அத்தே, பஸ்ஸுல இருக்கேன், அப்பறம் பேசறேன்" என்றாள் அந்த வீட்டு மருமகள். மூன்றாம் வீட்டில் அன்றிருந்தவள் இறந்துவிட்டாள். மகன் வயிறு குலுங்கச் சிரித்தான். "சின்னம்மா, கோழி முட்டைக்கா இவ்ளோ நாளா வெசனப்பட்டுக்கினு இருந்த?" நான்காம் வீட்டில் காபி கொடுத்தார்கள்.

நேற்று ஐந்தாம் வீடு. புதிதாக மணமாகி வந்த பெண், கலையரசி. மாமியாரும் போன பிறகு வீடு இவள் கையில். தோட்டத்தில் ஒரு கோழி அடை படுத்திருந்தது. பக்கத்தில் கூடையும் முட்டைகளும் தயாராக இருந்தன.

"யார வெச்சி அடை வெக்கப்போற?" என்று கேட்டேன்.

"அதான் ஆயா பாத்துக்கினு இருக்கேன். காலனி ஆளுங்க கை மட்டும் படக்கூடாதாம், பட்டா பொரிக்காதாம். எங்க மாமியா அந்த ஒண்ண மட்டும் கண்டிசனா சொல்லிட்டுப் போனாங்க. இந்தத் தெருவு வயக்கமாமே?"

வழக்கம்! எந்த நூற்றாண்டிலிருந்து என்று அவளுக்குத் தெரியாது. அந்த நாளுக்குப் பிறகு மணமாகி வந்த அவள் மாமியாருக்கும் சரியாகத் தெரிந்திருக்காது. இந்த வழக்கம் எந்தத் திங்கட்கிழமை, எந்தக் கொட்டகையில், எந்த வாயிலிருந்து பிறந்தது என்பதை அறிந்தவள் நான் ஒருத்தி. ஊர் வரலாறு எழுதியவள் ஊருக்கு ஒரு பொய்யான வழக்கத்தையும் கொடுத்திருக்கிறேன்.

உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். நிறங்கள், நாற்றம், கரிக்கோடு, வெந்நீர், வாசிக்காத வரி... ஒன்றையும் விடவில்லை. பச்சையம்மாவின் பெயரை நான்கு முறை சொன்னேன், அவள் மறக்காமல் இருக்கவேண்டும் என்று. கலையரசி கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். கண்கூடக் கலங்கியது.

"பாவம் ஆயா அவங்க" என்றாள்.

"ஆமா. இனிமே அந்தப் பேச்ச யாரும் சொல்லக்கூடாது. காலனியிலயிருந்து யாரயாவது கூப்பிட்டு வெச்சிக்க. நல்லா பொரிக்கும்."

"சரி ஆயா." முட்டைக் கூடையை இரண்டு கையாலும் எடுத்து என் முன்னே நீட்டினாள். "ஆனாலும் எதுக்கு வம்பு? நீங்களே வெச்சிட்டுப் போயிடுங்களேன். ஒங்க கை நல்ல கைன்னு தெருவே சொல்லுது."

பதினொரு முட்டைகள். எண்ணிப் பார்த்தேன், பழக்கம் விடவில்லை.

நான் வாங்கவில்லை. அவள் முகம் சுருங்கியது. கூடை எங்கள் இருவருக்கும் நடுவே நீட்டியபடியே இருந்தது.

"இன்னும் ரெண்டு வூடு இருக்குதும்மா" என்று எழுந்து, ஆறாவது வீட்டுக்கு நடந்தேன்.